பதினான்காம் எண்

அக்டோபர் கடைசி ஞாயிறு
அவர்கள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார்கள்.
மர்ஃபி டவுனில் என்னை ஏற்றும் கேப்
ஒரு மணி நேரம் பிந்தி வருகிறது.
ஐரோப்பாவின் குளிர்காலம்
எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான்.

மாரத்தஹள்ளி, நான்காவது மாடி.
நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்குப் பந்தை மேலே எறிவார்கள்.
ஒலி இல்லாத படம். ஆறு விநாடி தாமதம்.
என் இடது கையில் உள்ளூர் அணி, வலது கையில் வந்த அணி.
விழுந்தால் ஒரு விசை, விழாவிட்டால் ஒரு விசை,
பறிகொடுத்தவனுக்கு ஒன்று, பறித்தவனுக்கு ஒன்று.
பெயர்கள் வாயில் நுழையாததால்
எண்களாகப் பழகினோம்.
ஏழு, கோபக்காரன்.
இருபத்திரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு முன் காதைத் தொடுவான்.
முப்பத்து மூன்றுக்குக் குழந்தை பிறந்திருக்க வேண்டும்;
டிசம்பரில் இரண்டு வாரம்
தூக்கத்தில் எழுப்பிவிட்டவன் போல ஆடினான்.

பதினான்கு
உட்கார்ந்திருந்தான்.

பயிற்சியாளர் திரும்பும்போதெல்லாம்
மேல்சட்டையின் முதல் பொத்தானில் கை வைப்பான்.
அவர் தாண்டிப் போனதும் எடுத்துவிடுவான்.
டைம் அவுட்டில் துண்டு நீட்டுவான்.
ஆட்டம் முடிந்ததும் அவன் கட்டத்தில் நான் அடிப்பேன்:
ஆடவில்லை.
நவம்பர், ஆடவில்லை. ஜனவரி, ஆடவில்லை.

காலிறுதி இரண்டு ஆட்டம்.
சொந்த ஊரில் பதினொன்றில் வென்றார்கள்.
அடுத்த வாரம் வெளியூரில் ஒன்பதில் தோற்று,
தோற்ற கையோடு கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.
வென்றவர்கள் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.
புதிதாகச் சேர்ந்த தீபாஞ்சலி
படம் மாறிப்போச்சா என்றாள்.
இரண்டையும் கூட்டிப் பார்க்கணும் என்றேன்.
அந்த மாதம்தான் எனக்குச் சம்பளம் ஏறியிருந்தது.
அந்த மாதமே வீட்டுக்காரர் வாடகையையும் ஏற்றியிருந்தார்.
கூட்டிப் பார்த்தேன்.
இருநூறு ரூபாயில் வெளியேறியிருந்தேன்.

ஏப்ரல். கடிகாரம் திரும்பிவிட்டது,
கேப் பழைய நேரத்துக்கே வந்தது.
இறுதியின் இரண்டாம் ஆட்டம்.
முதலாவதில் பத்தொன்பது பின்தங்கியவர்கள்
இன்று மூன்று முன்னால்.
வென்றுகொண்டிருந்தார்கள்; கோப்பை எப்போதோ போய்விட்டது.
எழுபது விநாடி மீதியிருக்கையில்
பயிற்சியாளர் திரும்பினார்.
பொத்தான் அவிழ மறுத்தது.
மேல்சட்டையைத் தலைவழியே இழுத்து எறிந்துவிட்டு
பதினான்கு எழுந்தான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அவனுக்கு ஆறு விநாடி முன்பே நடந்துவிட்டது,
எனக்கு இன்னும் நடக்கவில்லை.

வளையத்தில் பட்டுத் தெறித்த பந்து.
மேலே போன கைகள் நான்கு.
சரியாக அந்த நொடியில் கேமரா
அழுகிற ரசிகர் ஒருவரைத் தேடிப் போய்விட்டது.
திரும்பி வந்தபோது பந்து ஏழின் கையில்.
'யார்து அது?' என்றார் பின்னால் நின்ற நஞ்சே கௌடா.
முப்பத்து மூன்றா, பதினான்கா.
விரல் ஒன்றை அழுத்தியது.

இரண்டேகாலுக்கு, சரிபார்க்கும் நேரத்தில்,
இன்னொரு கோணத்தில் பார்த்தேன்.
முப்பத்து மூன்று. சந்தேகமே இல்லை.
பதினான்கின் விரல்களுக்கும் பந்துக்கும் நடுவே
ஒரு சாண் வெளிச்சம்.
'திருத்து' என்ற பொத்தான் அங்கேதான் இருந்தது.
முப்பத்து மூன்றுக்கு இந்தப் பருவத்தில் நூற்று முப்பத்தொன்று.
கேப்காரர் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார்.
மூடிவிட்டேன்.

இரக்கம் என்று சொல்லவில்லை.
நானும் ஒருகாலத்தில் ஓரத்தில் உட்கார்ந்தவள் என்று
சொன்னால் அழகாக இருக்கும்.
நான் ஆடினேன்.
பள்ளியிலும் கல்லூரியிலும் முதல் ஐவரில் ஒருத்தி,
முழங்கால் போகும்வரை.
என் பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் யார் யார் என்று
டோம்லூர் மேம்பாலம் ஏறுகையில் யோசித்தேன்.
துண்டு நீட்டிய கைகள் ஞாபகம் இருந்தன.
ஒரு முகம்கூட வரவில்லை.
பெர்னதெத்?
இல்லை, அவள் ஸ்கோர் எழுதியவள்.